கூப்பு

பிரெஞ்சுச் சொற்கள் தமிழுக்குள் வருவதென்றால் புதுச்சேரி வழியாகத்தான் வரவேண்டும் என்று நாம் நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு சொல் மட்டும் புதுச்சேரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், நேரே ஆனைமலைக் காட்டுக்குள் போய்க் குடியேறிவிட்டது. 'கூப்பு' என்பதுதான் அந்தச் சொல். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிழவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "கூப்புக்குப் போனான்", "கூப்புக் காய்ச்சலில் விழுந்தான்", "கூப்பு ரோடு" என்று சரளமாகச் சொல்வார்கள். அது என்னவோ கொங்கு நாட்டுச் சொல் என்றே அவர்களுக்கு எண்ணம்.

வெட்டுவதற்கென்று எல்லை கட்டி ஒதுக்கிய காட்டுத் துண்டுக்குப் பெயர் கூப்பு. பிரெஞ்சு மொழியில் 'கூப்' என்றால் வெட்டு. 1864-இல் இந்திய வன இலாகா ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராக வந்தவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். இங்கிலாந்தில் அப்போது வன சாஸ்திரம் கற்பிக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆகவே 1867 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டு காலம், இந்தியக் காடுகளை ஆள வந்த இளைஞர்களில் பலர் பிரான்ஸ் தேசத்து நான்சி நகரில் படித்துவிட்டே கப்பல் ஏறினார்கள். அவர்களுடைய பெட்டிகளோடு இந்தச் சொல்லும் வந்தது. துரையின் வாயிலிருந்து ரேஞ்சருக்கும், ரேஞ்சரிடமிருந்து மேஸ்திரிக்கும், மேஸ்திரியிடமிருந்து மலசருக்கும் போய்ச் சேர்ந்தது. சொல்லுக்குத்தான் எத்தனை சுலபமான பிரயாணம்! மரத்துக்கும் மனிதனுக்கும் அப்படி இல்லை.

என் தாய்மாமன் ஒருவர் 1930-களில் ஐந்து வருஷ காலம் ஒரு கூப்புக் காண்டிராக்டரிடம் கணக்கு எழுதினார். நான் சிறுவனாக இருந்தபோது அவர் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் அந்த உலகம் எனக்குப் பழக்கமாயிற்று. பின்னால் சரித்திரப் புத்தகங்களையும் இலாகா அறிக்கைகளையும் படித்தபோது, அவற்றில் உள்ளது மாமாவிடம் இல்லை என்பதும், மாமாவிடம் இருந்தது அவற்றில் இல்லை என்பதும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் புத்தகச் சரித்திரம். இங்கிலாந்தில் கப்பல் கட்ட ஓக் மரம் குறைந்துபோன காலத்தில் கும்பெனியாரின் கண் மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கின்மேல் விழுந்தது. 1806-இல் காப்டன் வாட்சன் என்பவரை மலபாருக்குக் காடு காவலராக நியமித்து, தேக்கு முழுவதும் சர்க்காருக்கே சொந்தம் என்றார்கள். குடிகள் படாத பாடு பட்டார்கள். கடைசியில் 1823-இல் சென்னைக் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ அந்த ஏகபோகத்தை எடுத்தார். இடையில் பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கப்பல் கப்பலாகக் கட்டித் தள்ளினார்கள். 1817-இல் அவர்கள் நீரில் இறக்கிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கி, நம் மலைத் தேக்கைத் தாங்கி, இருநூறு ஆண்டுகளாக!

கப்பலின் பசி தீருமுன் ரயிலின் பசி வந்தது. 1856-இல் சென்னையிலிருந்து ஆற்காட்டுக்கு ரயில் ஓடிற்று. 1862-இல் பாதை கோயம்புத்தூர் ஜில்லாவைக் கடந்து மேற்குக் கரையைத் தொட்டுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை வேண்டும். அடுப்பில் எரிக்க விறகு வேண்டும். 1856-இல் சென்னை மாகாணத்துக்கு வனப் பாதுகாவலராக வந்த டாக்டர் கிளெகார்ன், இப்படியே போனால் மலைகள் மொட்டையாகிவிடும் என்று எச்சரித்தார். அவர் வைத்தியர், நோயைக் கண்டுபிடித்துவிட்டார். மருந்து கொடுக்கும் அதிகாரம்தான் அவரிடம் முழுதாக இல்லை.

ஆனைமலையின் உச்சியில் வெட்டிய மரத்தைச் சமவெளிக்குக் கொண்டுவருவது எப்படி? சரிவிலே வழுக்கிவிட்டார்கள். மரம் வழுக்கத் தொடங்கிய அந்த உச்சி மேட்டுக்குத்தான் 'டாப் ஸ்லிப்' என்ற பெயர் நிலைத்தது. இன்று குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேர் இதை நினைக்கிறார்களோ, தெரியாது. கீழே விழுந்த மரத்தை மாட்டு வண்டிகள் ஏற்றிக்கொண்டு போயின.

மலையின் மறுபக்கத்தில் கொச்சி ராஜ்யத்தார் இன்னும் பெரிய வித்தை செய்தார்கள். பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரையில் 49 மைலுக்கு மேல் டிராம் பாதை போட்டார்கள். 1907-இல் ஓடத் தொடங்கி 1963 வரையில் அது இருந்தது. செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் கிடையாது. உச்சியிலே ஓர் உருளை. அதில் எஃகு வடம். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறு முனையில் காலி வண்டி. பாரவண்டி தன் எடையாலேயே கீழே இறங்க, காலி வண்டி தானாக மேலே ஏறிவிடும். பிரேக்கைப் பிடிப்பவனுடைய கையில்தான் எல்லாம் இருந்தது. கீழே போகிறவனுடைய பாரத்தால் மேலே போகிறவன் ஏறுகிறான் என்பதற்கு இதைவிட நல்ல உவமை எந்த நாவலாசிரியனுக்குக் கிடைக்கும்?

இனி மாமாவின் சரித்திரம்.

மழை விட்டு, மார்கழி பிறந்ததும் கூப்பு திறக்கும். மூங்கில் தட்டியும் புல் கூரையுமாகக் குடிசைகள் எழும்பும். ரேஞ்சர் முன்னிலையில் ஒவ்வொரு மரத்துக்கும் முத்திரைச் சுத்தியால் அடையாளம் போட்டு, எண் எழுதுவார்கள். மரம் விழுந்த பிறகு அடிக்கட்டையிலும் அதே எண் இருக்கவேண்டும். எண் இல்லாத அடிக்கட்டை ஒன்று அகப்பட்டால் காண்டிராக்டருக்கு அபராதம், கணக்குப்பிள்ளைக்கு வசவு.

கோடரியால் விழும் பக்கத்தில் வாய் வெட்டி, எதிர்ப் பக்கத்திலிருந்து இரண்டாள் இழுக்கும் ரம்பத்தைப் போடுவார்கள். மரம் சாயுமுன் ஒரு முனகல் கேட்குமாம். "அந்தச் சத்தம் வந்ததும் ஓடக்கூடாது கண்ணு, முதல்ல மேலே பார்க்கோணும், அப்புறம் ஓடோணும். பார்க்காமல் ஓடினவன் மரத்துக்குத் தப்பினாலும் கொம்புக்குத் தப்பமாட்டான்" என்பார் மாமா. ஒடிந்து தொங்கும் கிளைதான் மரத்தைவிட அதிகம் பேரைக் கொன்றது என்பது அவருடைய அபிப்பிராயம்.

விழுந்த மரத்தை இழுப்பது யானையின் வேலை. ஒரு யானைக்கு ஒரு மாவுத்தன், அவனுக்கு உதவியாக ஒரு காவடி. பெரும்பாலும் மலசர்கள். அந்த யானைகளே காட்டில் பிறந்து படுகுழியில் விழுந்தவைதாம். யானைத் தடத்தில் குழி தோண்டி, விழும் வேகத்தில் எலும்பு முறியாமல் இருக்க அடியிலே தழை பரப்பி, மேலே மூங்கிலும் புல்லும் போட்டு மூடிவிடுவார்கள். பிறகு மரக்கூண்டில் அடைத்துப் பழக்குவார்கள். பிடித்தவனும் மலசன், பழக்கினவனும் மலசன், இரவிலே அது காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் படுத்துத் தூங்கினவனும் அவனே.

காலை நேரத்து வேலைதான் யானைக்கு. வெயில் ஏறியதும் ஆற்றில் குளிப்பாட்டி, ராகிக் களி உருண்டைகளை ஊட்டி, காலில் சங்கிலியோடு மேயவிட்டுவிடுவார்கள். சங்கிலி புல்லைத் தேய்த்துக்கொண்டு போகும் தடத்தைப் பார்த்து, மறுநாள் விடியுமுன் மாவுத்தன் அதைத் தேடிக்கொண்டு போவான். மூன்று மைல், நான்கு மைல் நடப்பான். அந்த நடைக்குக் கூலி கிடையாது. ஒரு தடவை மாமா, "அதற்கும் காசு கேளேன்" என்றாராம். "வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போறதுக்குக் கூலி வாங்குவாங்களா சாமி?" என்று அவன் திருப்பிக் கேட்டானாம்.

மரத்தை அளப்பதுதான் மாமாவின் உத்தியோகம். நடு மரத்தில் கயிறு சுற்றிச் சுற்றளவு எடுப்பார். அதில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார். 6 அடிச் சுற்றளவும் 16 அடி நீளமும் உள்ள ஒரு மரத்துக்கு இந்தக் கணக்கில் 36 கன அடி வரும். ஆனால் அந்த உருண்டை மரத்தில் உண்மையாக இருப்பது கிட்டத்தட்ட 46 கன அடி. மீதி 10 அடி, பட்டைக்கும் சதுரம் செதுக்கும்போது விழும் சிராய்க்கும் கழிவு என்பது வழக்கம். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் அந்த அளவுதான் நியாயம். அடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவனுக்கோ, 46 அடியை அறுத்துவிட்டு 36 அடிக்குக் காசு. மரத்தை இழுத்த யானைக்குக் கழிவு கிடையாது. அது ஏறக்குறைய ஒரு டன்னையும் முழுதாகவே இழுத்தது.

பங்குனி, சித்திரையில் காய்ச்சல் இறங்கும். ஆனைமலைக் காய்ச்சல் அந்தக் காலத்தில் பெயர் போனது; துரைமார்கள்கூட அந்த மாதங்களில் மலையில் தங்கமாட்டார்கள். கொயினா மாத்திரை இருந்தவரையில் கொடுப்பார்கள். ஆட்களால் இறங்கிப் போக முடியாது. ஏனென்றால் கூப்பு திறக்குமுன்பே முன்பணம் வாங்கிச் சாப்பிட்டாயிற்று. அரிசி, கருவாடு, புகையிலை எல்லாம் காண்டிராக்டரின் கடையில் பற்று. வைகாசியில் கணக்குத் தீர்க்கும்போது பலருக்குக் கையில் வருவது அடுத்த வருஷத்து முன்பணம்தான்.

மாமாவின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். மரங்களுக்கு எண், சுற்றளவு, நீளம் எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தது. யானைகளுக்குப் பெயர் இருந்தது. மனிதர்களுக்கு மட்டும் 'ஆள் 22', 'ஆள் 19', 'ஆள் 17' என்று தொகை. 22 எப்படி 17 ஆயிற்று என்று கேட்டேன். மாமா நோட்டை மூடிவிட்டு, "சித்திரை மாசம்" என்று மட்டும் சொன்னார்.

காடு அழிந்தது மட்டுமே கதையாக இருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். மீண்டும் நட்டதும் உண்டு. 1840-களிலேயே மலபார் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கினார். அதை வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனன். ஆனைமலையில், முதல் உலக யுத்த காலத்தை ஒட்டி வந்த ஹியூகோ வுட் என்ற அதிகாரி, வெட்டிய இடத்தில் மறுபடி வளர வழி செய்யும் திட்டம் ஒன்றை வகுத்தார். நடந்து போகும் இடமெல்லாம் கைத்தடியால் குழி போட்டு விதை போடுவார் என்று ஜனங்கள் கதை சொல்கிறார்கள். 1933-இல் இறந்த அவரை, அவர் விருப்பப்படி, டாப் ஸ்லிப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். பெரிய மனிதர்தான், சந்தேகமில்லை. ஆனால் கைத்தடியால் ஒரு காட்டை நட்டுவிட முடியாது. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஓர் ஏக்கருக்கு 1,210 கன்றுகள். அத்தனை குழிக்கும் குனிந்த முதுகுகள் உண்டு. வெட்டிய கைகளேதான் நட்டன.

இரண்டாவது உலக யுத்தம் வந்தபோது காடு மறுபடி கணக்கில்லாமல் வெட்டுப்பட்டது. பிறகு மெல்ல மெல்லக் காலம் மாறிற்று. 1976-இல் ஆனைமலை வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 1996-இல் உச்ச நீதிமன்றம் காடு வெட்டுக்கு நாடு முழுவதும் கடிவாளம் போட்டது. 2007-இல் இது புலிகள் காப்பகமாயிற்று. கோழிகமுத்தி முகாமில் இன்றுள்ள யானைகள் மரம் இழுப்பதில்லை. அவற்றுக்கு வயதானால் ஓய்வு உண்டு. கூப்பு ஆளுக்கு அந்தப் பாக்கியம் இருந்ததாக மாமா சொன்னதில்லை.

பரம்பிக்குளத்தில் 'கன்னிமாரா' என்று ஒரு தேக்கு நிற்கிறது. சுற்றளவு இருபது அடிக்கு மேல். கோடரி போட்டபோது ரத்தம் வந்தது, அதனால் விட்டுவிட்டார்கள் என்பது ஐதிகம். அந்த மரத்தைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள், போகத்தான் வேண்டும். திரும்பும் வழியில், சாலை ஓரத்துத் தேக்குகளையும் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் பாருங்கள். ஒரு கோணத்தில் நின்று பார்த்தால் அவை கோடு பிடித்தாற்போல் வரிசையாகத் தெரியும். இயற்கைக்கு வரிசை கிடையாது. கயிறு பிடித்து, குழி தோண்டி, காய்ச்சலோடு குனிந்து நட்டவர்கள் போட்டுவிட்டுப் போன கையெழுத்து அது. அவர்கள் எழுதிய கையெழுத்து அது ஒன்றுதான்.