கலைச்செல்வி பி. கே. ரோசி

மலையாளத் திரைப்படத்தின் முதல் கதாநாயகி யார் என்னும் வினாவிற்கு நெடுங்காலம் விடை கூறுவார் இல்லை. படம் எடுத்தவரின் பெயரே மறக்கப்பட்டுக் கிடந்த நாளில், அதில் நடித்த ஏழைப் பெண்ணின் பெயரை யார் தேடப் போகிறார்கள்? இன்று அப்பெயரை நாம் அறிவோம். பி. கே. ரோசி. திருவனந்தபுரத்து நந்தன்கோட்டில், புலையர் குடும்பமொன்றில் 1903-ஆம் ஆண்டு பிறந்தவர், புல்லறுத்துப் பிழைத்தவர், வாழ்வின் பிற்பகுதியை நம் நாகர்கோவிலில் வேறொரு பெயரில் கழித்தவர். நம் இளைஞர்கள் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பதனால் இம்மலரில் அதனை எழுத முற்பட்டோம்.

ரோசியின் வாழ்வை விளங்கிக்கொள்ள, அவர் சிறுமியாக இருந்த காலத்துத் திருவிதாங்கூரை முதலில் நோக்க வேண்டும். புலையர் பொது வீதியில் நடக்கலாகாது. பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கலாகாது. இத்தடைகளை எதிர்த்து 1893-இல் வில்வண்டி பூட்டிப் பொது வீதியில் ஓட்டிச் சென்றவர் பெருந்தலைவர் அய்யன்காளி. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் கண்டு, கல்விக்காகவும் கூலிக்காகவும் உழைக்கும் மக்களை ஒன்று திரட்டியவரும் அவரே.

அப்போராட்டங்களுள் ஒன்றை இங்கே சற்று விரித்துக் கூறியாக வேண்டும். புலையர் பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியலாகாது; கல்லையும் கண்ணாடியையும் கோத்த மாலையையே கழுத்தில் சுமக்க வேண்டும்; மார்பை மறைக்கும் ஆடையும் கூடாது. கண்டவுடன் குலம் தெரிவதற்கென்றே கழுத்தில் மாட்டிய அடையாளம் அக்கல்மாலை. 1915-இல் பெரிநாட்டில் நம் பெண்கள் அம்மாலையைக் களைய முற்பட்டபோது கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அவ்வாண்டு டிசம்பர் திங்களில் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூடிய பெருங்கூட்டத்தில், அய்யன்காளியின் சொற்கேட்டுப் பெண்கள் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். மேடையில் இருந்த சாதி இந்துப் பெரியவர்களும் அதற்கு இசைந்தனர். அன்று ரோசிக்கு அகவை பன்னிரண்டு.

அவர் வளர்ந்து கலை பயின்றது காக்காரிசி நாடகத்தில். தென் திருவிதாங்கூரில் திறந்த வெளியில், தீப்பந்த ஒளியில் ஆடப்பெற்ற நாட்டுப்புறக் கூத்து அது. சிவனும் பார்வதியும் குறவன் குறத்தியாக உலகுக்கு வந்து குறி சொல்லித் திரிவது கதை. பாட்டும் உரையாடலும் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். எனவே நமக்கு அது அயற்கலை அன்று. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய அக்கூத்தில், பெண்ணாகவே துணிந்து மேடையேறிய முன்னோடிகளுள் ரோசி ஒருவர். நாடகத்திற்குப் போகும் பெண்ணை ஊர் என்னென்ன சொல்லும் என்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டுவதில்லை. அவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டே அவர் ஆடினார்.

ரோசியைத் திரைக்கு அழைத்தவர் ஜே. சி. டேனியல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த நாடார் கிறித்தவக் குடும்பத்தவர். களரிப்பயிற்றில் வல்லவர், வாட்போர்க் கலையைப் பற்றி 1915-இல் ஆங்கிலத்தில் நூலும் எழுதியவர். சினிமா மோகம் கொண்டு, சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். புராணக் கதைகளே படமாகி வந்த நாளில் அவர் சமூகக் கதையொன்றை எடுத்துக்கொண்டது பாராட்டத்தக்கது. 'விகதகுமாரன்' என்பது படத்தின் பெயர்; காணாமற்போன மகன் என்று பொருள். திருவிதாங்கூர்ச் செல்வர் வீட்டுச் சிறுவன் ஒருவன் இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தோட்டக் கூலியாக வளர்ந்து, பின்னர் குடும்பத்தோடு சேர்வதே கதை. டேனியலே கதாநாயகன். வில்லனாக நடித்த ஜான்சன், பிற்காலத்தில் தமிழ்த்திரையில் புகழ் பெற்ற பி. எஸ். சரோஜாவின் தந்தையார். நாயகி சரோஜினியாக நடிக்கப் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வருவித்தும் அது கைகூடாது போகவே, காக்காரிசி மேடையிலிருந்து ரோசி வந்து சேர்ந்தார்.

சரோஜினி ஒரு நாயர் குலப் பெண். நம் கட்டுரையின் உயிர்நிலை இவ்விடத்தில்தான் இருக்கிறது. பட்டும் பொன்னகையும் பூவும் சூடி ரோசி காமிராவின் முன் நின்றார். பொன் அணியலாகாது என்று விலக்கப்பட்ட குலத்துப் பெண், அதனை விலக்கி வைத்தவர்களின் வீட்டு மகளாகவே நின்றார்! நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம் பத்து நாள் நடித்தார் என்றும், பகலுணவை வீட்டிலிருந்தே கொண்டுவந்து தனியே அமர்ந்து உண்டார் என்றும், மாலையில் வேடம் கலைத்துத் தம் பழைய ஆடையோடு வீடு திரும்பினார் என்றும் கூறுவர்.

படம் திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் வெளியாயிற்று. 7.11.1928 என்று நெடுங்காலம் எழுதி வந்தனர், 23.10.1930 என்பது பின்னாளில் ஆய்ந்தோர் கூறுவது. பெயர் பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை காட்சியைத் தொடங்கி வைத்தார். ரோசி அவையில் இருந்தால் தாங்கள் வருவதற்கில்லை என்று பிரமுகர்கள் கூறியதாகவும், படத்தின் நாயகியே வாயிலில் நிறுத்தப்பட்டதாகவும் அவ்வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அவள் கூந்தலில் சூடிய பூவை நாயகன் முத்தமிடும் காட்சி திரையில் வந்தபோது கூச்சல் எழுந்தது, கல் பறந்தது, திரை கிழிந்தது. அரங்கத்தோடு அது நிற்கவில்லை. ரோசியைத் துரத்தினர், அவர் குடிசைக்கும் தீ வைத்தனர்.

இவ்வளவு சினம் எதனால்? பெண் நடித்தாள் என்பதாலா? குறத்தி வேடம் கட்டி அவர் இரவெல்லாம் ஆடியபோது யாரும் அரங்கத்தைக் கொளுத்தவில்லையே! வேடம் மாறியதுதான் குற்றம். நம் தமிழ்த்திரையையே எடுத்துக்கொள்வோம். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடிக்கக் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1942-இல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் ஓதுவார் மரபில் வந்த தண்டபாணி தேசிகர் அதே வேடம் தாங்கினார். அவர்களுடைய கலைத்திறனில் நமக்கு ஐயமில்லை. அவர்தம் இசையில் நாமும் உருகியவர்களே. ஆயினும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மேலிருப்பவர் நம் வேடம் புனைந்தால் அது நடிப்பு என்று போற்றப்படுகிறது. நம்மவர் அவர்கள் வேடம் புனைந்தால் மட்டும் அது ஏன் அத்துமீறல் ஆகிவிடுகிறது? திரையில் தெரிந்த சரோஜினியின் கழுத்தில் கல்மாலை இல்லை. பார்த்தவுடன் குலம் சொல்லும் அடையாளம் ஒன்றும் அவளிடத்தில் இல்லை. நாயர் வீட்டு மகளாகவே அவள் தோன்றினாள். கல்லெறிந்தவர்களைக் கலங்கச் செய்தது அதுவேயாகும் என்பது எம் துணிபு.

உயிர் பிழைக்க இரவோடிரவாக ஓடிய ரோசி, அவ்வழியே வந்த லாரி ஒன்றில் ஏறி நாகர்கோவில் சேர்ந்தார். அந்நகர் அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டதே. 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. ஆயினும் தமிழ் வழங்கும் ஊர். அவர் முகம் அறியாத ஊர். அந்த லாரியின் ஓட்டுநரையே அவர் மணந்தார். அவர் மேற்குலத்தவர். ராஜம்மாள் என்னும் பெயரோடு, கணவர் குலத்துப் பெண்ணாகவே மக்களைப் பெற்று வளர்த்தார். திரையில் எந்த வேடத்திற்காகக் கல்லடி பட்டாரோ, ஏறத்தாழ அதே வேடத்தை எஞ்சிய வாழ்நாள் முழுவதும் வீட்டுக்குள் தாங்க நேர்ந்தது. மேடையை அவர் நாடவில்லை. கடந்த காலத்தைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை.

டேனியலும் அந்த ஒரு படத்தோடு பொருளிழந்து, பல் மருத்துவராகப் பிழைத்து, 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார். 1938-இல் வந்த முதல் பேசும்படம் 'பாலன்' வரலாற்றில் இடம்பெற்றது. அதற்கு முந்திய இந்த ஊமைப்படம் இடம்பெறவில்லை. எழுத்தாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் இடைவிடாது எழுதிய பின்னரே டேனியலின் பெயர் வெளிப்பட்டது. 1992-இல் கேரள அரசு அவர் பெயரால் விருது நிறுவியது. ரோசியைப் பற்றி விடாது தேடி எழுதியவர் குன்னுகுழி எஸ். மணி. அவரைப் போன்றோர் உழைத்திராவிடில், பூவை முத்தமிட்ட நாயகனை மட்டும் நாடு அறிந்திருக்கும். பூவைச் சூடியவளை அறிந்திராது.

வினு ஆபிரகாம் 2008-இல் அவர் கதையை நாவலாக்கினார். 2013-இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்டு' வெளிவந்து ரோசியின் பெயரைப் பரப்பியது. அந்நன்றி நமக்கு உண்டு. எனினும் அதில் வரும் ரோசி எதற்கும் நடுங்கும் பேதைப் பெண்ணாகவே காட்டப்பட்டிருப்பதை நாம் ஏற்பதற்கில்லை. ஊரார் ஏச்சைக் கேட்டுக்கொண்டே திறந்த வெளியில் கூட்டத்தின் முன் பாடி ஆடியவர் அவர். படத்திற்கு வருமுன்பே கலைஞர்.

'விகதகுமாரன்' படச்சுருள் இன்று இல்லை. ரோசியின் படம் என்று வழங்கும் ஒளிப்படம் அவருடையதுதானா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 2019-இல் கேரளத் திரைப்படப் பெண் கலைஞர்கள் அவர் பெயரால் ஒரு திரைப்படக் கழகம் தொடங்கினர். 10.2.2023 அன்று, அவருடைய பிறந்த நாளில், கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து வைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில், தலித் வரலாற்றுத் திங்களையொட்டி, நீலம் பண்பாட்டு மையத்தார் சென்னையில் நடத்திய திரைப்பட விழாவுக்குப் பி. கே. ரோசி என்றே பெயரிட்டனர்.