மாவுமூட்டையும் மறியலும்: ஒரு கைவினையின் வரலாறு

கார்ட்டூன் பாத்திரங்களுக்கு உயிர்கொடுக்கக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்குப் பன்னிரண்டு விதிகளைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதி நிரம்பிய மாவுமூட்டையை வரையச் சொல்வார்கள். விழுந்தால் அது நசுங்க வேண்டும், துள்ளினால் நீள வேண்டும். உள்ளேயிருக்கிற மாவின் அளவு மட்டும் மாறக் கூடாது. கல்லெறிகிறவன் முதலில் கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இதெல்லாம் ஏதோ இயற்கையின் நியதி போலத்தான் வகுப்பறைக்குள் வருகிறது. தொழில்நுட்பத்துக்கு ஏதுங்க அரசியல் என்று கேட்பவர்களுக்கு இது ரொம்ப வசதி.

ஆனால் இந்த விதிகளுக்கு ஊர் உண்டு, வருஷம் உண்டு. 1932, லாஸ் ஏஞ்சல்ஸ். டிஸ்னி நிறுவனத்தில் அனிமேட்டராக இருந்த ஆர்ட் பாபிட், தன் வீட்டில் சக ஓவியர்களைக் கூட்டி, மாடல் ஒருவரை நிறுத்தி, மனித உடலை வரையும் பயிற்சியைத் தொடங்கினார். முதலாளி சொல்லி நடந்ததல்ல அது. விஷயம் வால்ட் டிஸ்னியின் காதுக்குப் போனதும் வகுப்பு நிறுவனத்துக்குள் கொண்டுவரப்பட்டது. ஷுனார்ட் கலைப்பள்ளி ஆசிரியர் டான் கிரஹாம் அந்த நவம்பரில் பாடம் எடுக்கத் தொடங்கினார். பாத்திரம் அசைந்தால் மட்டும் போதாது, அது யோசிப்பது தெரிய வேண்டும் என்ற கொள்கை இப்படிப்பட்ட கூட்டுப் படிப்பில்தான் உருவாகிறது. 1937 டிசம்பரில் திரைக்கு வந்த 'ஸ்னோ ஒயிட்' அதன் விளைவு.

பன்னிரண்டில் ஒரு விதியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் படத்திலிருந்து வரிசையாக வரைந்துகொண்டே போவது ஒரு முறை. முக்கிய நிலைகளை முதலில் வரைந்துவிட்டு இடைவெளிகளைப் பிறகு நிரப்புவது இன்னொரு முறை. இரண்டாவது முறை வேலைப் பிரிவினைக்கு இடம்கொடுத்தது. முக்கிய நிலைகளைப் பேர்பெற்ற அனிமேட்டர் வரைவார். இடைச்சித்திரங்களைக் குறைந்த சம்பளக்காரர் வரைவார். அந்தக் கோடுகளுக்கு செல்லுலாய்டு தாளில் மையிட்டு வண்ணம் தீட்டியவர்கள் பெண்கள். 1938இல் வேலை கேட்ட ஒரு பெண்ணுக்கு நிறுவனம் அனுப்பிய பதில், படைப்பு வேலை முழுக்க இளைஞர்களே செய்வது என்றது. ரெட்டா ஸ்காட் என்ற பெண்ணின் பெயர் அனிமேட்டராகத் திரையில் வர 1942இன் 'பாம்பி' வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1941 மே மாதம் பாபிட் வேலைநீக்கம் செய்யப்பட்டார். செய்த குற்றம், கார்ட்டூன் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியது. நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர் அவர். கீழே இருந்தவர்களுக்காக நின்றார். மே 29 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. அரசுத் தரப்பு நடுவர்கள் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்; நிறுவனம் சங்கத்தை ஏற்க வேண்டியதாயிற்று. வால்ட் டிஸ்னி அதை மறக்கவில்லை. 1947 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன், வேலைநிறுத்தத்தின் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்ததாகச் சாட்சி சொன்னார்.

வெளியேறிய வேலைநிறுத்தக்காரர்கள் சிலர் யூ.பி.ஏ. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே மாவுமூட்டை உடல் கைவிடப்பட்டது. தட்டையான உருவம், சில கோடுகள், குறைந்த அசைவு. 1950இல் வந்த 'ஜெரால்ட் மெக்போயிங்-போயிங்' ஆஸ்கர் பரிசையே வாங்கியது. டிஸ்னியின் நெறிகள் ஓர் அழகியல் தேர்வுதான், இயற்கை நியதி அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இதையும் புனிதப்படுத்த வேண்டாம். இதே சிக்கனத்தைத்தான் தொலைக்காட்சி முதலாளிகள் செலவைக் குறைக்கிற வழியாக ஆக்கிக்கொண்டார்கள்.

விதிகள் பன்னிரண்டாகத் தொகுக்கப்பட்டது 1981இல். தொகுத்தவர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும், டிஸ்னி நிறுவனத்திலேயே நீடித்து ஓய்வுபெற்ற அனிமேட்டர்கள். அவர்கள் திறமையில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பட்டியல் வகுப்பறைகளுக்குப் பயணப்பட்டபோது மறியல் கூட வரவில்லை. பாபிட்டோ எழுபதுகளில் லண்டனில், ரிச்சர்ட் வில்லியம்ஸின் நிறுவனத்து இளைஞர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

இடைச்சித்திர வேலை பின்னால் கொரியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இந்தியாவுக்கும் கூலி மலிவென்று அனுப்பப்பட்டது. ஆகவே இது எங்கோ நடந்த கதை இல்லை. விதிகளைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கைவினை யாருடைய தனிச்சொத்தும் அல்ல. கூடவே, முக்கிய நிலைகளை யார் வரைகிறார்கள், இடைவெளியை யார் நிரப்புகிறார்கள், கடைசியில் யார் பெயர் திரையில் வருகிறது என்பதையும் வகுப்பிலேயே கேட்டாக வேண்டும்.