கருவுற்றவளுக்குத் திறந்த கதவுகள்

நியூயோர்க் நகரில் மருந்து வணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டியவர் சாள்ஸ் கிறிற்றன்ரன். 1882 ஆம் ஆண்டிலே அவருடைய நான்கு வயது மகள் புளோறன்ஸ் நோயுற்று இறந்தாள். அத்துயரை ஆற்றிக்கொள்ள வழி தேடிய தந்தை, மறு ஆண்டில் பிளீக்கர் வீதியில் ஓர் இல்லத்தைத் திறந்தார். அவ்வில்லமும் அதனைப் பின்பற்றி எழுந்த பிறவும் மகளின் பெயராலேயே வழங்கலாயின. தெருவில் அலைந்த பெண்களுக்கு இரவில் ஒதுங்க இடங்கொடுப்பதே முதல் நோக்கமாக இருந்தது. நாளடைவில் அவ்வில்லங்களின் கதவைத் தட்டியவருட் பலர், மணமாகாது கருவுற்ற இளம்பெண்களாயினர். வீட்டார் வெளியேற்றிவிட்டனர், வேலை கொடுத்தோர் நிறுத்திவிட்டனர், கருவுக்குக் காரணமானவனோ ஊரிலே கனவானாகவே உலாவினான். இக்கட்டில் அகப்பட்ட கர்ப்பிணிக்கு உதவும் நிலையங்கள் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த கதைக்கு இத்தகைய இல்லங்களே முன்னுரை.

கிறிற்றன்ரனுக்குத் துணைநின்று அப்பணியை நாடெங்கும் பரப்பியவர் டொக்டர் கேற் வோலர் பறெற் என்னும் பெண் வைத்தியர். தாயையும் சேயையும் பிரித்தலாகாது என்பது அவர் கொள்கை. பிள்ளையோடு வாழ ஒரு தொழில் தெரிந்தாற் போதும், அப்பெண் நிமிர்ந்துவிடுவாள் என அவர் நம்பினார். 1898 ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை இவ்வியக்கத்துக்குச் சாசனம் வழங்கியது. இல்லத்திலே கண்டிப்பு இருந்தது. வேத வாசிப்பும் மனந்திரும்பும்படியான போதனையும் இருந்தன. இன்றைய கண்ணுக்கு அது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அவர்கள் தாம் யாரென்பதையும் எதனை விரும்பினர் என்பதையும் மறைத்தாரல்லர்.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் காற்றுத் திசைமாறியது. மணமாகாத தாய் மனநலங் குன்றியவள், அவள் பிள்ளை மணமான தம்பதியரிடம் வளர்வதே நன்று என்னும் கருத்துச் சமூக சேவையாளரிடையே வேரூன்றிற்று. அதே இல்லங்கள் இப்போது பெண்களை மறைத்துவைக்கும் இடங்களாயின. வயிறு தெரியுமுன் வருதல், முழுப்பெயரைச் சொல்லாதிருத்தல், பெற்றபின் ஒரு பத்திரத்திற் கையொப்பமிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புதல், இதுவே வழக்கம். ஆன் பெஸ்லர் என்பவர் இத்தாய்மார் நூற்றுக்கு மேற்பட்டோரின் வாய்மொழிகளைத் திரட்டி 2006 இல் நூலாக வெளியிட்டார். 1945 முதல் 1973 வரை இவ்வாறு கைவிட்டுப்போன குழந்தைகள் ஏறத்தாழ 15 இலட்சம் என்பது அந்நூல் தரும் மதிப்பீடு. பிள்ளையை வைத்துக்கொள்ள வேறு வழியுண்டு என ஒருவருமே சொல்லவில்லை என்பது அத்தாய்மார் பலரின் முறைப்பாடு. ஒப்பமிட்ட கை அவர்களுடையதுதான். ஆனால் அதனை விருப்பம் என்று சொல்ல முடியுமா?

கருக்கலைப்புச் சட்டங்கள் தளரத் தொடங்கிய காலத்தில் மற்றொரு வகை நிலையம் தோன்றியது. கனடாவின் ரொறன்ரோ நகரில் லூயிஸ் சமர்கில் என்னும் குடும்பப் பெண் 1968 இல் பேர்த்றைற் என்னும் அமைப்பை நிறுவினார். அவர் கருக்கலைப்பை எதிர்த்தவர், அதிலே ஐயமில்லை. எனினும் தம் தொண்டர்க்கு வரம்புகளை வகுத்தார். அச்சுறுத்தும் படங்களைக் காட்டலாகாது, மதம் பரப்பலாகாது, அரசியலில் இறங்கலாகாது, உதவிக்குக் காசு வாங்கலாகாது.

இதற்கு நேர்மாறான பாதையில் நின்றவர் றொபேட் பியேர்சன். 1984 இல் அவர் வெளியிட்ட கைநூல், நிலையத்துக்கு நடுநிலையான பெயரிடுமாறும், கருக்கலைப்பு நிலையத்துக்கு அண்மையில் இடந்தேடுமாறும், தொலைபேசியில் வினவுவோருக்கு நேர்விடை தராது உள்ளே அழைக்குமாறும் ஆலோசனை கூறியது. இதன் விளைவுகள் விரைவில் நீதிமன்றத்தை எட்டின. வட டக்கோட்டா மாநிலத்தின் பார்கோ நகரில் கருக்கலைப்பு நிலையமொன்றின் பெயரில் 'ஹெல்த்' என்னுஞ் சொல் இருந்தது. அதனை எதிர்த்து எழுந்த நிலையத்தின் பெயரில் 'ஹெல்ப்'. பெயரும் விளம்பரமும் பெண்களை மயக்குகின்றன என்னும் வழக்கில், இடைக்காலத் தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1986 இல் சிறு மாற்றங்களுடன் நிலைநிறுத்தியது. கருவுற்றவளுக்கு நாட்களே மூலதனம். வேறிடம் என நினைத்து ஒரு நிலையத்துக்கு அலைந்து இழக்கும் இரண்டு வாரத்தை எவரும் திருப்பித்தர இயலாது. நோக்கம் உயிர்காப்பதே எனினும், பொய்யால் உள்ளே அழைக்கப்பட்டவளை விருந்தினள் என்பது எங்ஙனம்?

எல்லா நிலையங்களையும் ஒரே கோலால் அளப்பதும் தகாது. அந்நாட்டில் இன்று ஏறத்தாழ 2,500 நிலையங்கள் உள்ளன. அவற்றிற் பலவற்றில் இலவசப் பரிசோதனையும் தொட்டிலும் குழந்தைத் துணிகளும் கிடைக்கின்றன. ஊதியமின்றி உழைக்கும் பெண்கள் பலர் உண்மையான பரிவுடையோர். பெற்றபின்னும் மாதக்கணக்கில் தாயின் கைப்பிடித்து நிற்போரும் உளர். ஆனால் சிலவிடங்களில், வகுப்புக்கு வந்தாற்றான் புள்ளி, புள்ளி சேர்ந்தாற்றான் குழந்தைக்குரிய பொருள் என்னும் முறையும் உண்டு. போதனையைக் கேட்டுத்தான் அணையாடை பெறவேண்டுமெனின், கிறிற்றன்ரன் காலத்துக் கண்டிப்பு முற்றாக மறையவில்லை என்றே கொள்ளவேண்டும்.

2015 இல் கலிபோர்ணியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. உரிமம் பெற்ற நிலையங்கள் அரசு தரும் குறைந்த செலவுச் சேவைகளைப்பற்றி அறிவித்தல் வைக்கவேண்டும். உரிமமில்லாதவை அவ்வாறே தம் நிலையை வெளிப்படுத்தவேண்டும். 2018 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் நிலையங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. தாம் ஏற்காததைச் சொல்லுமாறு அரசு ஒருவரை வற்புறுத்தலாகாது என்பது பேச்சுரிமையின்பாற்பட்ட நியாயம், எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மறுதரப்பில் நீதியரசர் பிறையர் ஒரு வினா எழுப்பினார். கருக்கலைக்க வருபவளுக்கு மகப்பேற்று உதவி, தத்துக்கொடுத்தல் பற்றிய செய்திகளை வைத்தியர் அறிவிக்கவேண்டும் என்னும் பென்சில்வேனியா விதியை 1992 இல் இதே நீதிமன்றம் ஏற்றதே, அப்படியாயின் மற்றைத் தரப்பாருக்கு மட்டும் ஏன் விலக்கு என்பது அவர் கேள்வி. அதற்குப் பெரும்பான்மையோர் அளித்த விடை, வைத்தியர் செய்யும் சிகிச்சைக்கு நோயாளியின் சம்மதம் பெறுவது வேறு, இது வேறு என்பதாம். இவ்விடை எல்லோருக்கும் நிறைவளித்ததன்று.

2022 இல் அந்நீதிமன்றம் கருக்கலைப்புக்கான அரசியலமைப்பு உரிமையை நீக்கியது. அதன்பின் சில மாநிலங்கள் இந்நிலையங்களைச் சார்ந்த திட்டங்களுக்குப் பொதுப்பணத்தைப் பெருக்கின. ரெக்சாஸ் 2023 இல் இரண்டாண்டுக்கு 14 கோடி டொலர் ஒதுக்கியது. அதே ஆண்டில் அம்மாநிலம் மற்றொன்றும் செய்தது. வறிய தாய்மாருக்குரிய அரச மருத்துவக் காப்பு, கூட்டாட்சிச் சட்டப்படி பேற்றின்பின் 60 நாட்களுக்கே உறுதியாயிருந்தது. அதனை ரெக்சாஸ் 12 மாதங்களாக நீட்டியது. இந்தக் காப்புக்கு வகுப்புமில்லை, புள்ளியுமில்லை. ஆனால் பெற்றவளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாடளாவிய உரிமையாக அங்கு இன்னும் வரவில்லை. 1993 ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமின்றி.