கடையில் பணிபுரிந்த பெரியோர்



மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கிருஷ்ணன்கோவில் என்னும் ஊர் உள்ளது. பேருந்துகள் நின்று செல்லும் ஊராதலால் சாலையோரத்தில் தேநீர்க் கடை, பழக்கடை, பால்கோவாக் கடை எனப் பல கடைகள் உண்டு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியனாகிய நான், அக்கடைகளுள் ஒன்றில் ஒரு பாடம் கற்றேன். அதனைக் கூறி இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

பத்தாம் வகுப்பில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், மாலை வேளைகளில் பால்கோவாக் கடையில் வேலை செய்து வந்தான். ஒருநாள் வரலாற்றுப் பாடம் நடக்கும்போது அவன் கண்ணயர்ந்துவிட்டான். நான் சினங்கொண்டு, “இப்படியே இருந்தால் ஆயுள் முழுவதும் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான்” என்று எல்லோர் முன்னிலையிலும் கூறிவிட்டேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் அவனைத் தேடிக் கடைக்குச் சென்றேன். வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டு கிலோ பால்கோவா கேட்டுக்கொண்டிருந்தார். “எதற்கு ஐயா இவ்வளவு?” என்று அவன் வினவினான். பத்து நாள் கழித்து வீட்டில் ஒரு விசேஷம் என்றார் அவர். “அத்தனை நாள் தாங்காது ஐயா. இன்று கால் கிலோ போதும், மற்றதை விசேஷத்துக்கு முதல்நாள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்றான். நான் ஏளனம் செய்த வேலையை அவன் எவ்வளவு நேர்மையாகச் செய்கிறான் என்பதைக் கண்டு நாணினேன். பள்ளிக்கு வருமாறு அழைத்தேன். அவன் தலை நிமிராமலே, “காமராசரும் கடையில் வேலை பார்த்தவர்தானே ஐயா? நான் மட்டும் ஏன் படிக்க வேண்டும்?” என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு அப்போது உடனே விடை கூற இயலவில்லை. அவ்விடையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

கடையில் நின்று பொருள் விற்றோர் பலர் பிற்காலத்தில் புகழ் பெற்றனர் என்பது உண்மை. ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரில் 1632-ஆம் ஆண்டு பிறந்த லீவன்ஹூக், இளமையில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் துணி வணிகர் ஒருவரிடம் வேலை பழகினார். பின்னர்ச் சொந்த ஊரில் தாமே துணிக்கடை வைத்தார். துணியின் இழை நெருக்கத்தை அறிய வணிகர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பது வழக்கம். லீவன்ஹூக் அதனினும் ஆற்றல் மிக்க வில்லைகளைத் தம் கையாலேயே தேய்த்து உருவாக்கினார். அவற்றின் வழியே நீர்த்துளியை நோக்கினார். கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் நீந்தக் கண்டார். இலத்தீன் மொழி அறியாத அவர், 1673 முதல் இலண்டன் அரச கழகத்திற்குத் தம் தாய்மொழியாகிய டச்சு மொழியிலேயே கடிதங்கள் எழுதினார். 1680-இல் அக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிற்கு வருவோம். 1879-இல் ஈரோட்டில் பிறந்த பெரியார் ஈ.வெ. இராமசாமி, பன்னிரண்டு வயதளவில் பள்ளியை விட்டுத் தந்தையாரின் மண்டியில் அமர்ந்தார். மூட்டைகளில் விலாசம் எழுதுவதும் சரக்கை ஏலம் கூறுவதும் அவருக்கு இட்ட வேலை. பலரோடும் வாதிட்டுப் பேசும் திறம் அங்கே வளர்ந்தது. பிற்காலத்தில் பாமரரும் விளங்கிக்கொள்ளும் பேச்சுமொழியில் மணிக்கணக்கில் மேடையில் பேசியவர் அவர் என்பதை நாம் அறிவோம்.

இனி, நம் மாவட்டத்துப் பெருமகனாரிடம் வருகிறேன். காமராசர் 1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில் பிறந்தார். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். அன்னையார் சிவகாமி அம்மாளுக்குத் துணையாக இருக்க வேண்டிய நிலையில் படிப்பு நின்றது. மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். துணியை அளந்து கொடுத்தவரின் செவி, நாட்டு நடப்பையே நாடிற்று. நாளிதழ்களை ஆவலோடு படித்தார், பொதுக்கூட்டங்களுக்குச் சென்றார். இப்போக்கைக் கண்டு அஞ்சிய உறவினர், அவரைத் திருவனந்தபுரத்திலிருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். ஆயினும் கடை அவரைக் கட்டிப்போடவில்லை. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1954-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார்.

இங்கேதான் மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். “படிக்காமலே நான் முதலமைச்சராகிவிட்டேன், ஆகவே படிப்பு எதற்கு?” என்று அவர் எண்ணியிருக்கலாம். அவ்வாறு எண்ணவில்லை. அரைநாள் படிப்புத் திட்டம் 1954-இல் கைவிடப்பட்டது. பள்ளியில்லாத சிற்றூர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வராதிருத்தல் கூடாது என்று 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. வறிய மாணவர்க்கு உயர்நிலைப் பள்ளி வரையில் கட்டணமில்லாக் கல்வி கிடைத்தது. பள்ளியில் உண்ட அந்த மதிய உணவால் படிப்பைத் தொடர்ந்த எண்ணற்ற பிள்ளைகளுள் நானும் ஒருவன்.

கடையில் அவர் பட்டறிவு பெற்றார்; மக்களின் தேவையை அவர்கள் வாய்மொழியாலேயே அறியக் கற்றார். எனினும் கடைக்காகப் பள்ளியை இழந்தது இழப்பே என்பதையும் அவரே நன்கறிந்திருந்தார். தமக்குக் கிட்டாததைப் பிறர் பிள்ளைகளுக்குக் கிட்டச் செய்தார்.

வரலாறு கற்போர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. உயர்ந்தவர்களின் பெயர்களையே வரலாறு குறித்து வைக்கிறது. காமராசர் பள்ளியை விட்ட காலத்திலேயே பள்ளியை விட்டுக் கடைக்கும் காட்டுக்கும் சென்ற மற்றச் சிறுவர்கள் எத்தனையோ பேர். அவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆதலின், கரை சேர்ந்த ஒருவரைக் காட்டி ஆற்றில் குதிக்கலாம் என்று முடிவு கட்டுதல் தகாது.

கடையும் பள்ளியும் ஒன்றையொன்று பகைக்க வேண்டுவதில்லை. இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நிற்காமல் செல்லும் இரயிலிலிருந்து எறியப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பிடித்து, அவற்றை விநியோகிக்க உதவிக் காசு ஈட்டினார். ஆனால் பள்ளியை விடவில்லை. இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் சென்னையிலும் கற்று விஞ்ஞானியாகி, 2002-இல் குடியரசுத் தலைவரானார்.

நான் அடுத்த நாள் வகுப்பிலே, சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்த மாணவனும் வந்திருந்தான். தேர்வு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று கடைக்காரர் மனமுவந்து கூறிவிட்டார். அவன் தேர்ச்சி பெற்றான். இன்று சொந்தக் கடை வைத்திருக்கிறான். கடையில் வேலை பார்க்கும் இரு சிறுவர்களை மாலை நேரக் கல்லூரிக்கு அவனே அனுப்பி வைக்கிறான்.

மாணவர்களே! கடையில் நிற்கும் உங்கள் வயதுப் பிள்ளையைக் கண்டால் ஏளனம் செய்யாதீர்கள். நீங்களே அப்பணியைச் செய்வோராயின் நாணாதீர்கள். ஆனால் எக்காரணம் கொண்டும் படிப்பைக் கைவிடாதீர்கள்.