பாளயத்தில் ஓர் ஓவியர்

1620 இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் காஷ்மீர் போனபோது உஸ்தாத் மன்சூரும் கூடப் போனார். அரசருக்கு அது உல்லாசப் பயணம், மன்சூருக்கு உத்தியோகம். அணில் மயிர்த் தூரிகை, மெருகுக்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிய கடதாசி, அரைத்த நிறங்கள் என்று அவருடைய பயண மூட்டையே வேறு. பறித்த பூ வாடுமுன் வரைந்து முடிக்க வேணும். அங்கே அவர் வரைந்த பூக்கள் நூற்றுக்கும் மேல் என்று ஜஹாங்கீரே தமது நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு அபிசீனியாவிலிருந்து அரசவைக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. யாராவது சாயம் பூசிவிட்டார்களோ என்று சிலருக்குச் சந்தேகம், சோதித்துப் பார்த்தார்களாம்! அதையும் மன்சூர்தான் வரைந்தார். அந்த ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் இருக்கிறது.

‘நாதிருல் அஸ்ர்’, காலத்தின் அபூர்வம், என்று அரசர் பட்டம் கொடுத்தார். பட்டம் பெரிசுதான். ஆனால் அரசர் உண்ட பழம், சுட்ட புலி வரை எழுதி வைத்த அந்தக் குறிப்புகளில் மன்சூரின் சொந்த வாழ்வுக்கு இடமில்லை. காஷ்மீர்ப் பூக்களிலும் மிஞ்சியவை ஒருசிலதான். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக நூலகத்தில் அவற்றிலொன்று இருக்கிறது: செந்நிற டியூலிப், பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி.