தாங்கல்

'தாங்கு' என்ற வினையோடு 'அல்' சேர்ந்து பிறந்த பெயர் தாங்கல். ஓடிவரும் மழைநீரைக் கரை கட்டித் தாங்கிக்கொள்ளும் சிற்றேரி என்று பொருள். தொண்டை மண்டலத்தில் இது ஊர்ப்பெயர்களிலேயே நிலைத்துவிட்டது: ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல். தென் மாவட்டங்களில் இதே பொருளில் 'ஏந்தல்' வழங்குகிறது.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு மனையில் மட்டும் விழுவது 3 லட்சம் லிட்டருக்கு மேல். அதில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு அடையாறு போன்ற ஆறுகளுக்கு ஓடும், ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும். ஓட்டத்தைத் தடுத்து இறக்கத்தைக் கூட்டியது தாங்கல்தான். தரையெல்லாம் சிமென்ட் ஆனபின் கணக்கு தலைகீழானது. 2015 டிசம்பரில் அடையாறு ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களுக்குள் புகுந்தது. 2019 கோடையில் நகரமே தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது.

போர்வெல்லில் இறைக்கும் நீரும் இதே கணக்கில்தான் பற்று வைக்கப்பட வேண்டும். முதலில் குழாயைச் சுற்றியுள்ள சேமிப்பு குறையும். நீர்மட்டம் புனல்போலக் குழியும். பிறகு ஆற்றுக்குக் கசிந்து சேரவேண்டிய ஊற்று குறையும். பக்கத்து வீட்டுக் கிணறு வற்றுவதும் அந்தப் புனல் குழிவால்தான். ஆண்டு மழை ஊறுவதைவிட அதிகம் இறைத்தால் மட்டம் ஏறவே ஏறாது. கடலோரத்தில் இன்னும் மோசம்: சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததால் நல்ல தண்ணீர் இருந்த இடத்தில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது.