சட்டைக் கையில் மஞ்சள் பாம்பு

டாக்டர் கோட்டுக்கும் நர்சுகளுக்குப் பரிசாகத் தரும் துண்டுக்கும் ஒரே நிற நூலில், மருத்துவச் சின்னமான பாம்புக் கோலை எம்பிராய்டரி போடுவது என் அன்றாட வேலை. அதன் மூதாதையை அமெரிக்க ராணுவத்தின் 1851-ஆம் ஆண்டுச் சீருடை விதிகளில் கண்டேன். மருத்துவமனை ஸ்டூவர்ட் எனப்பட்ட ராணுவ மருத்துவ உதவியாளரின் சட்டைக் கையில் பச்சைத் துணிப் பட்டை. அதன் நடுவே 2 அங்குல நீளத்தில் இரட்டைப் பாம்புக் கோல், மஞ்சள் பட்டு நூலில். கோலின் தலை வெளித்தையல் பக்கம் இருக்கவேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள்!

1863-இல் சுவிட்சர்லாந்தின் ஈசாக் குரோப்லி ஷிஃப்லி என்னும் எம்பிராய்டரி இயந்திரத்தை உருவாக்கினார். மேல்நூலை ஓடத்தின் அடிநூல் கவ்வும் முறை அது. என் கம்ப்யூட்டர் மெஷினிலும் அடிப்படை அதுதான்.

ஒற்றை நிறத்தின் சிரமமெல்லாம் பாம்பு கோலைச் சுற்றும் இடத்தில். முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒரே மஞ்சள் என்றால் வெறும் கட்டியாகத் தெரியும். அங்கே ஒரு மில்லிமீட்டர் துணியைத் தைக்காமல் விட்டால் வளைவு எழும்பி நிற்கும். தையலின் சாய்வை மாற்றினாலும் போதும், அதே நூல் வேறு பளபளப்புக் காட்டும்.

சிறகுள்ள இரட்டைப் பாம்புக் கோல் கிரேக்கத் தெய்வம் ஹெர்மிஸினுடையது. அவர் தூதுக்கும் வணிகத்துக்கும் தெய்வம். மருத்துவத் தெய்வமான அஸ்க்லேபியஸின் கோலில் ஒரே பாம்பு, சிறகு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்திலும் அதுவே. ஆர்டர் தருபவர்களிடம் நான் முதலில் காட்டுவதும் அதைத்தான். செஞ்சிலுவை கேட்டால் மறுத்துவிடுகிறேன்: 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி, இந்தியாவில் அரசின் அனுமதியின்றி அதைப் பயன்படுத்தக் கூடாது.